ஓட்டுச் சாவடியில் ஏழாம் கட்டளை

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஊர் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு மூத்த சகோதரர், "விபசாரமும் ஓரினச்சேர்க்கையும் குற்றமில்லை என்று 2018-ல் கோர்ட்டே சொல்லிவிட்டது, அந்தச் சட்டங்களைத் திரும்பக் கொண்டுவருகிறவருக்குத்தான் விசுவாசி ஓட்டுப் போட வேண்டும், மற்றவருக்குப் போட்டால் அந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு" என்கிறார். தூக்கமே வரவில்லை. என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், மெஞ்ஞானபுரம்)

பதில்: முதலில் தூங்குங்கள். அப்புறம், அந்தப் பழைய சட்டத்தை வாசித்திருக்கிறாரா என்று சகோதரரிடம் கேளுங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 497-ஆம் பிரிவு: இன்னொருவன் மனைவியோடு, அந்தக் கணவனுடைய சம்மதமில்லாமல் உறவு வைத்தவனுக்கு 5 வருடம் வரை ஜெயில். கணவன் சம்மதித்தால் குற்றமில்லை! கல்யாணமானவன் கல்யாணமாகாத பெண்ணோடோ விதவையோடோ போனாலும் அந்தப் பிரிவு அவனைத் தொடாது, அவன் பெண்டாட்டி புகார் கொடுக்க வழியே கிடையாது. இதுவா 'விபசாரம் செய்யாதிருப்பாயாக' என்கிற நம் ஏழாம் கட்டளை? (ஆர்.சி.க்காரர்கள் கணக்கில் ஆறாவது, அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.) வரப்பு தாண்டி அடுத்தவன் வயலில் மாடு மேய்ந்த வழக்கு மாதிரி எழுதி வைத்திருந்தான் வெள்ளைக்காரன். அதைத்தான் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தூக்கியது. விபசாரம் நல்லது என்று ஒரு நீதிபதியும் சொல்லவில்லை, விவாகரத்துக்கு அது இன்றைக்கும் காரணம்தான்.

விவாகரத்து என்றதும் இன்னொன்று. 1869-ல் கிறிஸ்தவர்களுக்கென்று போட்ட சட்டத்தில், மனைவியின் விபசாரத்தை நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை. மனைவிக்கு அது போதாது, கூடவே கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது என்று இன்னொன்றையும் நிரூபித்தாக வேண்டும். 2001 வரை இதுதான் நிலைமை. எங்கள் சொந்தத்தில் ஒரு சித்தி. புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தியது ஊருக்கே தெரியும், ஆனால் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவான், அதனால் கைவிட்டான் என்று சொல்ல முடியாது, அடிக்கவும் இல்லை, வக்கீல் கையை விரித்துவிட்டார். சாகிறவரை அவன் பெண்டாட்டியாகவே இருந்தாள். அவளுக்காக எந்த ஜெபக்கூட்டத்திலும் ஓட்டைப் பற்றிப் பேசிய ஞாபகம் எனக்கில்லை.

சரி, ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு. அதுவும் 1860-ல் வெள்ளைக்காரன் போட்டதுதான், ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம். அவன் சொந்த ஊரான இங்கிலாந்தில், தனிமையில் சம்மதத்தோடு நடப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று 1957-ல் ஒரு அரசுக் குழு சொன்னபோது, அதை ஆதரித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர். அது பாவம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பாவமெல்லாம் குற்றமாக வேண்டியதில்லை என்பதுதான் அவர் பக்கத்து நியாயம். 1967-ல் அங்கே சட்டம் மாறியது, நமக்கு இன்னும் 51 வருடம் பிடித்தது.

பவுலும் அந்தப் பக்கம்தான் என்பேன். கொரிந்து சபையில் ஒருவன் தகப்பனுடைய மனைவியையே வைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சபையைவிட்டுத் தள்ளச் சொன்னாரே தவிர, ரோம அதிகாரியிடம் பிராது கொடுக்கச் சொல்லவில்லை. வெளியே இருக்கிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலையா என்று அதே 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். சபைக்குள் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒன்று இருக்கிறதே, கமிட்டி மெம்பர் மகனுக்கு ஒரு நியாயம், கூலிக்காரர் மகளுக்கு ஒரு நியாயம் என்றில்லாமல் முதலில் அதைச் செய்து காட்டட்டும்.

இனி ஓட்டு. வேட்பாளரோ, அவர் சம்மதத்தோடு வேறு யாருமோ மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால், 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி அந்த வெற்றியே செல்லாமல் போகலாம், இதையும் சகோதரர் காதில் போடுங்கள். காதலித்த பிள்ளைகளைச் சாதிக்காக வெட்டிப் போடுகிற மாவட்டம் நம்முடையது. ஒழுக்கம் பேசுகிற வேட்பாளர் அதைப் பற்றி வாய் திறக்கிறாரா என்று பாருங்கள். அதையும், பீடி சுற்றுகிற பெண்களின் கூலியையும், தாமிரபரணியில் கலக்கிற சாக்கடையையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, மனசாட்சிக்குப் பட்டவருக்குப் போடுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று சபை ஐயருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கருக்கலைப்பை ஆதரிக்கும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா?
(ஒரு வாசகி, வடக்கன்குளம்)

பதில்: அமெரிக்கப் பிரசங்கம் ஏதாவது யூடியூபில் கேட்டீர்களாம்மா? கருக்கலைப்புச் சட்டம் இங்கே 1971-லேயே வந்தாயிற்று, அதை எடுப்பேன் என்று நம் தொகுதியில் எவரும் ஓட்டுக் கேட்கவில்லை. இருந்தாலும் உங்கள் கத்தோலிக்க சபையின் பதில் இருக்கிறது. பிற்பாடு போப்பாண்டவரான கர்தினால் ராட்சிங்கர் 2004-ல் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதியது: அந்தக் கொள்கைக்காகவே ஒருவருக்குப் போட்டால் தப்பு, அதை ஏற்காமல், அதற்கு ஈடான வேறு கனமான காரணத்துக்காகப் போட்டால் அனுமதி உண்டு.

கேள்வி: நோட்டா?
(வள்ளியூர்)

பதில்: 2013-லிருந்து இருக்கிறது. எத்தனை பேர் அழுத்தினாலும் ஜெயிக்கிறவர் ஜெயிக்கத்தான் செய்வார். ஒருவரும் தேறவில்லை என்றால் அழுத்துங்கள், வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருப்பதற்கு அது மேல்.