மனைவிக்கு மறுபடியும் புற்றுநோய்... நான் என்ன செய்வது?

கேள்வி: என் மனைவிக்கு 54 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்தார். இப்போது வலது மார்பில் கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. "இன்னொரு தடவை என்னால் முடியாது" என்கிறார். "போன தடவை ஜெயித்தோமே" என்று தைரியம் சொன்னால் கோபப்படுகிறார். இரவில் எனக்கும் தூக்கமில்லை.

பதில்: அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதல் முறை என்ன வரப்போகிறது என்று தெரியாமல் போனார். இப்போது முடி கொட்டுவது முதல் வாய்ப்புண் வரை எல்லாம் தெரியும். அவரிடம் போய் ஜெயத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "போன தடவை உனக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். பதிலை எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

முடி என்பார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவரோ, நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தித் தேடியதைச் சொல்லலாம். அதற்குத் தோலுக்கடியில் போர்ட் என்ற, மருந்து ஏற்றும் சிறு கருவியை வைக்கலாம். ஆஸ்பத்திரி வாடை பட்டதுமே குமட்டியது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே தரும் மருந்துகள் உண்டு. அதில் ஒலான்சபின் என்று ஒன்று எழுதிக் கொடுத்தால், இது மனநோய் மாத்திரை ஆயிற்றே என்று பதறாதீர்கள். குறைந்த அளவில் அது குமட்டலுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

இன்னொன்று. எதிர்ப்பக்க மார்பில் வருவது பெரும்பாலும் புதிய புற்றுநோய்தான், பழையது பரவியதல்ல. எது என்பதைப் பழைய பயாப்சியோடு ஒப்பிட்டும் ஸ்கேன் பார்த்தும் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். புதியது, ஆரம்பக் கட்டம் என்றால் முழுக் குணத்தையே குறிவைத்து சிகிச்சை தருவோம். கட்டி சிறியது, நெறிக்கட்டிகளுக்குப் போகவில்லை, ஹார்மோன் ஏற்பி இருக்கிறது (அதாவது ஹார்மோனால் வளரும் வகை) என்றால் கீமோவே இல்லாமல் ஆபரேஷனும் மாத்திரையுமாக முடிவதும் உண்டு. உங்கள் மனைவி "முடியாது" என்பது எதை? கீமோவை என்றால், அது தேவையா என்பதே இன்னும் முடிவாகவில்லை. முழு ரிப்போர்ட் வரட்டும். அப்புறம் டாக்டர் முன்னால் அவரே பேசட்டும். நீங்கள் அவருக்காகப் பதில் சொல்லாதீர்கள்.

உங்கள் கைக்கு ஒரு வேலை தருகிறேன்: பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். எந்தக் கீமோ மருந்து, மொத்தம் எவ்வளவு, ரேடியேஷன் எந்த இடத்தில் என்ற விவரம் கட்டாயம் வேண்டும். சிவப்பாக ஏறுமே, டாக்ஸோரூபிசின், அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது. வாழ்நாளுக்கே ஓர் உச்ச அளவு உண்டு. போன தடவை அது போட்டிருந்தால் மருந்துத் தேர்வு மாறும், இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் பார்ப்பார்கள். இரண்டு மார்பிலும் வந்திருப்பதால், பரம்பரையாக வரும் மார்புப் புற்றுநோய்க்கான பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். அதில் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனானாலும் மகளானாலும், அந்த மரபணுக் கோளாறு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. இதைப் பிள்ளைகளிடம் யார், எப்போது சொல்வது என்பதை மனைவியோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கீமோ தொடங்கினால் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிதான். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சில மணி நேரத் தாமதமே ஆபத்து.

சரி, உங்கள் தூக்கம். உடனிருந்து கவனிப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்கள். நலம் விசாரிக்கும் போன்களை எடுக்கும் வேலையை உறவில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அழுகை வந்தால் மனைவி முன்னால் அழலாம். எட்டு வருடத்துக்கு முன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் அழுதிருந்தால், அது அவருக்கு அப்போதே கேட்டிருக்கும்.