அப்பாவின் ரைஃபிளும் அவரோடு முடிந்த உரிமமும்

கேள்வி: என் தந்தை 8 மாதங்களுக்கு முன் காலமானார். தாத்தா காலத்து வின்செஸ்டர் லீவர் ரைஃபிள் ஒன்று அப்பா பெயரில் உரிமத்துடன் இருந்தது. இப்போது அது அம்மாவின் அறையில் மர பீரோவுக்குள் இருக்கிறது. உரிமப் புத்தகத்தில் இன்னும் 2 ஆண்டுகள் பாக்கி இருப்பதால் அவசரமில்லை என்று விட்டுவிட்டோம். போன வாரம் என் மைத்துனர் அதை எடுத்து லீவரை இறக்கி ஏற்றிப் பார்த்தபோது ஒரு தோட்டா தெறித்துப் பாயில் விழுந்தது. பயந்துபோய் அப்படியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம். இதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? பழம்பொருள் என்பதால் உரிமமே தேவையில்லை என்கிறார் ஒரு நண்பர். பெங்களூரில் இருக்கும் அண்ணனிடம் ஏற்கெனவே 2 துப்பாக்கிகள் உள்ளன, அவருக்குக் கொடுத்துவிடலாமா? 14 வயது மகன் சுடக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு அதை எடுத்துப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், அதையாவது தொடரலாமா?

பதில்: சட்டத்துக்கு வருவதற்கு முன் அந்த பீரோவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அதற்குள் இருக்கும் ரைஃபிள் இந்த நிமிடம் சுடத் தயாரான நிலையில் இருக்கக்கூடும்.

லீவர் ரைஃபிளின் வேலை எளிமையானது. விசைக்குக் கீழே வளையம் போல இருக்கும் லீவரைக் கீழே இறக்கினால், குழலின் பின்புற அறையில் இருக்கும் தோட்டா வெளியே தெறிக்கும். அதே லீவரை மேலே ஏற்றினால், அடுத்த தோட்டா அந்த அறைக்குள் போய் உட்காரும்; பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் சுத்தியலும் இழுபட்டுத் தயாராக நிற்கும். உங்கள் மைத்துனர் ஒரே ஒரு முறை இறக்கி ஏற்றினார் என்றால், பாயில் விழுந்த தோட்டா அப்பா காலத்திலிருந்தே அறையில் கிடந்தது என்று பொருள். கேள்வி அதற்கு அடுத்ததைப் பற்றியது. பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் சுடுகுழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய் ஓடும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதில்தான் படுத்திருக்கும். மாதிரியைப் பொறுத்து 6, 7 முதல் 15 வரைகூடக் கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எத்தனை இருக்கின்றன என்று தெரியாது. கழற்றிப் பார்க்கத் தனிப் பெட்டியும் கிடையாது.

எனவே, 'ஒன்று விழுந்துவிட்டது, இனி காலி' என்று நினைக்க வேண்டாம். பழைய வின்செஸ்டர்களில் இன்றைய துப்பாக்கிகளைப் போலத் தனிப் பாதுகாப்புப் பொத்தான் இல்லை. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தும் ஒரு படி மட்டுமே உண்டு. முழுதாக இழுபட்ட சுத்தியலை அந்தப் படிக்குக் கொண்டுவர, கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி மெல்ல இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். பழகியவர்களே வியர்த்த கையோடு செய்யத் தயங்கும் காரியம் இது. மைத்துனர் இன்னொரு முறை 'சரிசெய்து பார்க்க' முன்வருவார். அவரைத் தடுப்பதுதான் நான் உங்களுக்குத் தரும் முதல் ஆலோசனை. பீரோ பூட்டியே இருக்கட்டும். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அம்மா வேறு அறையில் தூங்கட்டும். பாயில் விழுந்த தோட்டாவையும் ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டி வையுங்கள். அதைக் குப்பையிலோ கிணற்றிலோ போடாதீர்கள். அதற்கும் கணக்கு உண்டு.

இனி சட்டம். உரிமப் புத்தகத்தில் 2 ஆண்டுகள் பாக்கி என்கிறீர்கள். துப்பாக்கி உரிமம் பஸ் பாஸ் கூட அல்ல, வீட்டில் இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்திப் பார்க்க. அது ஆளுக்குக் கொடுக்கப்படுவது; ஆள் போனால் அதுவும் போயிற்று. ஆயுதச் சட்டம், 1959-இன் 3-ஆவது பிரிவு, தன் பெயரில் உரிமம் இல்லாத எவரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. எந்தக் காரணத்தாலாவது வைத்திருப்பது சட்டப்படியானதாக இல்லாமல் போனால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. உங்கள் தந்தை இறந்த நாளிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது இதுதான்.

8 மாதம் 'தேவையற்ற தாமதமா'? சட்டம் நாள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதத் துக்கத்தை எந்த அதிகாரியும் புரிந்துகொள்வார். 8 மாதத்துக்கு விளக்கம் கேட்பார். உரிமமின்றி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. போதிய சிறப்புக் காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தானாக முன்வந்து, உரிமப் புத்தகத்தோடு ஒப்படைக்கிற குடும்பத்தின் நிலை வேறு. சோதனையில் பீரோவிலிருந்து எடுக்கப்படுகிற குடும்பத்தின் நிலை வேறு. இன்னும் நீங்கள் முதல் வரிசையில்தான் நிற்கிறீர்கள். அங்கேயே இருங்கள்.

'அது அப்பாவுடையது, எங்களுக்கென்ன' என்றும் ஒதுங்க முடியாது. துப்பாக்கி இருப்பது தெரிந்தும், அது தன் கட்டுப்பாட்டில் இருந்தால், கையில் பிடித்திருக்காவிட்டாலும் அது 'வைத்திருத்தல்' ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் 1972-லேயே விளக்கியிருக்கிறது. சாவி அம்மாவின் முந்தானையில் இருந்தால், முதல் கேள்வி அம்மாவிடம்தான் வரும். இதை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒப்படைப்பது எப்படி? இங்கேதான் பலர் நல்ல எண்ணத்தோடு இன்னொரு தவறைச் செய்கிறார்கள். ரைஃபிளைப் போர்வையில் சுற்றி, காரின் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தூக்கிச் செல்லச் சட்டம் தரும் சலுகை, உரிமதாரர் கூட இருந்தாலோ எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தாலோ மட்டும்தான். அதுவும் பழுதுபார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ அவர் பயன்படுத்தவோ. உங்கள் விஷயத்தில் உரிமதாரரே இல்லை. வழியில் வாகனச் சோதனையில் மாட்டினால், 'ஒப்படைக்கத்தான் போகிறேன்' என்று சொல்வதற்குக் கையில் ஒரு தாள் இருக்காது.

ஆகவே முதலில் கடிதம். காவல் நிலைய ஆய்வாளருக்கு எழுதி, உரிமம் வழங்கிய அதிகாரிக்கு நகல் அனுப்புங்கள். மாவட்டமானால் ஆட்சியர், மாநகரமானால் காவல் ஆணையர். தந்தை இறந்த தேதி, உரிம எண், உரிமத்தில் இருக்கும் தனி அடையாள எண், ரைஃபிளின் வரிசை எண், கைவசம் உள்ள தோட்டாக்கள் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். வரிசை எண்ணைப் படிக்கத் துப்பாக்கியை வெளியே எடுக்க வேண்டாம். உரிமப் புத்தகத்தில் அது இருக்கும். தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். கடிதத்தில் பழைய தேதியைப் போடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி ஒரு தாளைப் பிற்பாடு நீதிமன்றத்தில் தாங்கிப் பிடிப்பது என்னைப் போன்ற வழக்கறிஞர்களாலும் முடியாது. கடிதத்தின் நடுவில் இந்த வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும்: 'துப்பாக்கியில் தோட்டா ஏற்றப்பட்டு, சுத்தியல் இழுபட்ட நிலையில் இருக்கக்கூடும்; எங்களுக்குக் கையாளத் தெரியாது; தங்கள் பணியாளர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.' முடிந்தால் ஆயுதப்படைப் பிரிவின் ஆர்மரரை, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிக்கும் பணியாளரை, அனுப்பும்படி கேளுங்கள். நிலையத்தில் இருக்கும் காவலருக்கு லீவர் ரைஃபிள் பழக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அவரும் உங்கள் மைத்துனரைப் போலவே இறக்கி ஏற்றிப் பார்த்துவிடக் கூடாது.

ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். வரிசை எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். எந்தக் காலம் வரை உங்களுக்குத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒப்படைத்தால் போயே போய்விடும் என்பது பொதுவான பயம், அது சரியல்ல. உரிமம் பெற்றால் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால் தகுதியுள்ளவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். விதித்த காலத்துக்குள் இரண்டையும் செய்யாமல் விட்டால் மட்டுமே அரசு எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பெயருக்கு மாற்றும் விஷயம். ஆயுத விதிகள், 2016-இன் 25-ஆவது விதி, உரிமதாரர் இறந்தால் வாரிசுக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. இது மாற்றம் அல்ல, புதிய உரிமம். காவல்துறை விசாரணை உங்களைப் பற்றி நடக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அண்ணனும் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம், மருத்துவச் சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி, பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். ஒன்றைத் திறந்து சொல்கிறேன். இரட்டைக்குழல் பறவைத் துப்பாக்கியைத் தற்காப்புக்காகக் கேட்பதும் ரைஃபிளைக் கேட்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. ரைஃபிளுக்கு 'தக்க காரணம்' இருக்கிறதென்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். 'தாத்தாவின் நினைவு' என்பது உருக்கமான காரணம். தனியாக நின்றால் போதுமா என்பது சந்தேகம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு உண்டு, அதற்குக் காலவரம்பும் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் உரிமப் புத்தகத்தில் ரைஃபிள் குழலின் உள்விட்ட அளவைப் பாருங்கள். வின்செஸ்டர் 1895 மாதிரி .303 தோட்டாவுக்கும் தயாரிக்கப்பட்டது. .303 தடை செய்யப்பட்ட விட்டம். அந்த வகை உரிமத்தை மாவட்ட அதிகாரி வழங்க முடியாது. 1895-இல் அடிக்குழாய்க்குப் பதிலாக விசைக்கு முன்னால் பெட்டி போன்ற அமைப்பு இருக்கும். உங்களுடையது எது என்று தெரியாமல் மனு எழுதுவது காற்றில் கோடு போடுவது.

அண்ணனுக்குத் தர முடியாது. 2019 டிசம்பர் முதல் ஒருவருக்கு 2 துப்பாக்கிகள்தான். முன்பு 3 இருந்தது. பரம்பரைச் சொத்து என்றாலும் இந்த வரம்பு பொருந்தும் என்று திருத்தமே சொல்கிறது. அவர் தன்னுடைய ஒன்றை விட்டால் யோசிக்கலாம்.

பழம்பொருள் வாதம் எனக்குப் பழகிய வாதம். 45-ஆவது பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே இயலாத ஆயுதத்துக்குத்தான் அது. போன வாரம் ஒழுங்காகத் தோட்டாவை வெளியே தள்ளிய ரைஃபிள் அந்த வரையறைக்குள் எப்படி வரும்? குழலை ஊர்ப் பட்டறையில் அடைத்துச் சுவரில் மாட்டுவதும் வேண்டாம். உரிமமில்லாத துப்பாக்கியைக் கையில் எடுத்த இன்னொருவர் என்று பட்டறைக்காரரும் வழக்கில் சேர்வார்.

உரிமம் கிடைத்தால் கவனிக்க வேண்டியவை சில. துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டுக்குள் இருக்க வேண்டும். மர பீரோ போதாது, தரையோடு இறுக்கிய இரும்புப் பெட்டி வேண்டும். குழாய் காலியா என்று பார்க்க லீவரைத் திரும்பத் திரும்ப இயக்கினால் மட்டும் போதாது. குழாயின் வாயில், தோட்டாவைத் தள்ளும் தட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிறகு அறைக்குள் விரல் விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை குழல் எந்த மனிதரையும் நோக்கக் கூடாது. அடிக்குழாய் உள்ள ரைஃபிளில் கூர்முனைத் தோட்டா போடக் கூடாது. ஒன்றின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் வெடிப்பொட்டை முட்டிக்கொண்டிருப்பதால், சுடும்போது வரும் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு. அப்பாவின் பழைய தோட்டாக்களையும் பயன்படுத்த வேண்டாம். திருமணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டை என்ற பேச்சே வேண்டாம். வனவிலங்கு சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் உங்கள் வீடு இருந்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி வனத்துறையிலும் பதிவு செய்ய வேண்டும். தோட்ட வீடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள்.

மகனுக்கு 14 வயது. உரிமம் பெற 21 நிரம்ப வேண்டும். அவன் ஆசையில் தப்பில்லை. ஆனால் தாத்தாவின் ரைஃபிளில் அதைத் தொடங்க வேண்டாம். ரைஃபிள் கிளப்பில் ஏர் ரைஃபிளோடு, பயிற்றுநர் முன்னிலையில் தொடங்கட்டும். இளையவர்கள் பயிற்சி பெறச் சட்டமே தனி வழி வைத்திருக்கிறது. பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியுமா என்றும் இன்றிரவே கேட்டுவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு இந்த முறை ரைஃபிள் வீட்டில் இருக்காது. ஒப்படைத்த ரசீதை வையுங்கள். வரிசை எண் அதில் இருக்கிறது.