ஜட்ஜ் கேட்டால் ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்று சொல்லலாமா?

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. நியூ ஜெர்சியில் ஒரு வேர்ஹவுஸில் பதினோரு வருடம் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகும் இடது கால் சரியாகவில்லை, வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டி (உடம்பு முடியாமல் வேலை செய்ய இயலாதவர்களுக்கு அமெரிக்க அரசு மாதாமாதம் தரும் பணம்) கேட்டு இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். இப்போது ஜட்ஜ் முன்னால் ஹியரிங் என்று கடிதம் வந்திருக்கிறது, ஏழு வாரம்தான் இருக்கிறது. கோர்ட் வாசலை மிதிக்காதவர், இங்கிலீஷும் தடுமாறும். வக்கீல் வைக்கப் பணமில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி கோர்ட் இல்லை இது. எதிர்த்தரப்பு வக்கீல் என்று யாரும் வந்து குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார். சின்ன அறையில் நேராகவோ, போனிலோ, வீடியோவிலோ நடக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சத்தியம் வாங்குவார்கள், பேச்சைப் பதிவு செய்வார்கள், அவ்வளவுதான். முந்தைய இரண்டு மறுப்புகளும் ஜட்ஜைக் கட்டுப்படுத்தாது, அவர் எல்லாவற்றையும் புதிதாகத்தான் பார்ப்பார்.

வக்கீலுக்கு முன்பணம் தேவையில்லை. வழக்கமான ஒப்பந்தத்தில், ஜெயித்தால்தான் ஃபீஸ். அதுவும் கடந்த மாதங்களுக்காகச் சேர்ந்து வரவேண்டிய பாக்கிப் பணத்தில் 25 சதவீதம். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, 2024 கடைசியில் அதை 9,200 டாலர் ஆக்கினார்கள். மருத்துவ ரெக்கார்டு வாங்கும் செலவு தனியாக இருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹியரிங் நெருங்க நெருங்க வழக்கை எடுக்க வக்கீல்கள் தயங்குவார்கள், அதனால் இந்த வாரமே போன் போடுங்கள். வருமானம் குறைவென்றால் இலவச சட்ட உதவி தரும் லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சியிலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது மொழி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று ஹியரிங் அலுவலகத்துக்கு இப்போதே சொல்லிவிடுங்கள், அது இலவசம். “நானே சொல்லிடுறேன்” என்று அவர் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் இறங்க வேண்டாம். கால் மரத்துப்போவது வேறு, குடைவது வேறு, சுண்டி இழுப்பது வேறு. இங்கிலீஷில் சொல்லப் போனால் மூன்றும் ‘பெயின்’ என்ற ஒரே சொல்லில் அமுங்கிப்போகும்.

ரெக்கார்டு விஷயத்தில் ஒரு கெடு இருக்கிறது. ஹியரிங்குக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே எல்லாம் போய்ச் சேர வேண்டும், வராத ரெக்கார்டு இருந்தால் இன்ன ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டியிருக்கிறது என்று அதற்குள் எழுதியாவது கொடுத்துவிட வேண்டும். டாக்டரிடம் “இவரால் வேலை செய்ய முடியாது” என்று கடிதம் வாங்கிப் புண்ணியமில்லை, அதை முடிவு செய்வது டாக்டர் இல்லை. ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் உட்கார முடியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும், எத்தனை பவுண்டு தூக்கலாம், மாதத்தில் எத்தனை நாள் படுத்துவிடுவார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏனென்றால் ஜட்ஜ் எடை போடுவது நோயின் பெயரை இல்லை. வாரம் ஐந்து நாள், தினம் எட்டு மணி நேரம் இவர் என்ன செய்ய முடியும் என்பதைத்தான். 50 வயதைத் தாண்டியவருக்கு விதி கொஞ்சம் இளகும். உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும்தான் இனி முடியும், பழைய வேலைத் திறமை அதற்கு உதவாது என்று ஆனால் பெரும்பாலும் தீர்ப்பு அவர் பக்கம்தான். இருபது பவுண்டு தூக்கி, நாளில் ஆறு மணி நேரம் நின்று நடந்து வேலை செய்வார் என்று ஆகிவிட்டால் கதை மாறிவிடும்.

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். என் அக்கா வீட்டுக்காரரையும் இப்படித்தான் கேட்டார்கள், “சமையல் செய்வீர்களா?” என்று. மனிதர் கௌரவமாக “செய்வேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உண்மை என்னவென்றால் இரண்டு வெங்காயம் நறுக்குவதற்குள் ஸ்டூல் தேடுவார், மீதியை அக்காதான் முடிப்பாள். “எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?” என்றால் “கொஞ்ச தூரம்” என்பது பதிலே இல்லை. “நாலு வீடு தாண்டினால் நின்றுவிடுவேன், ஐந்து நிமிடம் கழித்துத்தான் நகர முடியும்” என்பது பதில். ஜட்ஜ் ஆரம்பத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக்கு, அதற்கு ‘நன்றாக இருக்கிறேன்’ என்றால் தப்பில்லை. அதற்குப் பிறகு ‘பரவாயில்லை’ வாயில் வரவே கூடாது.

அதற்காகக் கூட்டியும் சொல்ல வேண்டாம். டாக்டர் குறிப்பில் இல்லாத கைத்தடியைப் புதிதாக ஊன்றிக்கொண்டு போனால் அதுவும் கண்ணில் படும்.

வேலைகளைப் பற்றிச் சொல்ல ஒரு நிபுணரும் பெரும்பாலும் இருப்பார். ‘இப்படிப்பட்ட ஒருவருக்கு என்ன வேலை கிடைக்கும்’ என்று ஜட்ஜ் அவரிடம் கேட்பார், அவரும் வேலைகளின் பட்டியலை வாசிப்பார். அதைக் கேட்டு இடிந்துபோக வேண்டாம். மாதம் இரண்டு மூன்று நாள் வராதவரை, வேலை நடுவே அடிக்கடி படுக்கப் போகிறவரை யார் வைத்துக்கொள்வார்கள் என்று உங்கள் தரப்பிலும் அவரிடம் கேட்கலாம்.

நீங்களும் சாட்சி சொல்லலாம். இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், ஷூ லேஸை யார் கட்டிவிட்டது, எந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பாதியில் காரில் வந்து படுத்தார் என்று தேதியோடு எழுதி வையுங்கள், ஹியரிங் அன்றைக்குக் கேட்டால் தேதி சொல்லிப் பேசலாம்.