சிலுவையடியில் ரெம்ப்ராண்ட்

கேள்வி: டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் வாழ்நாள் முழுவதும் விவிலியக் காட்சிகளை வரைந்தது பக்தியாலா, அல்லது அவை நன்றாக விலைபோனதாலா?
(வாசகி ஒருவர், நாகர்கோவில்)

பதில்: விலைபோயின என்பது உண்மைதான். 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த சபை, ஆலயத்துக்குள் படங்களுக்கு இடம் தரவில்லை. ஆகவே அவருடைய விவிலிய ஓவியங்களைப் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே வீட்டில் மாட்டுவதற்காக வாங்கினார்கள். இளவரசர் ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக்குக்காக அவர் தீட்டிய, கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் ஓவிய வரிசையும் பணத்துக்கு ஒப்புக்கொண்ட வேலைதான். ஆனால் அந்த வரிசையில் 1633 வாக்கில் உருவாகி, இப்போது மியூனிக்கில் இருக்கும் சிலுவை நிமிர்த்தும் காட்சியைச் சற்று உற்றுப் பாருங்கள். இயேசுவின் காலடியில் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நிறுத்துகிறவர்களில் ஒருவர், விவிலியக் காலத்து உடையில் இல்லாமல், நீலத் தொப்பி அணிந்த ஓவியராக நிற்கிறார். அது ரெம்ப்ராண்டின் முகம். அழுகிற சீடர்களோடு சேர்ந்துகொள்ளாமல், கொல்கிறவர்களுக்குக் கைகொடுப்பவராகத் தம்மை வரையும்படி எந்த இளவரசரும் கேட்டிருக்க மாட்டார். "அவர் மரித்தது என் பாவத்துக்காக" என்ற அறிக்கையை அவர் தூரிகையால் செய்தார் என்றே நான் கொள்கிறேன்.

சபையோடு அவருக்கிருந்த உறவு சுமுகமானதல்ல. மனைவி சாஸ்கியா 1642இல் இறந்த பிறகு, ஹென்ட்ரிக்யே என்ற பெண்ணோடு மணம் முடிக்காமல் வாழ்ந்தார்; அதற்காக 1654இல் சபை அவளை விசாரித்துத் திருவிருந்திலிருந்து விலக்கியது. பிறர் மனைவியாக இருந்தும் தாவீது அரசர் இச்சித்து அழைத்த பத்சேபாளை, அரசரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குபவளாக அவர் வரைந்ததும் அதே ஆண்டில்தான். அந்தப் படத்தில் பழிக்குரிய அரசர் இல்லை. துயரம் முழுவதும் அவள் முகத்தில் இருக்கிறது. 1656இல் கடனில் மூழ்கி, வீட்டையும் சேகரித்த கலைப்பொருட்களையும் இழந்தார். அப்போது எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில் பழைய விவிலியம் ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என்னைப் பொறுத்தவரை மிகத் தெளிவான விடை, லூக்கா நற்செய்தியின் கெட்ட குமாரன் உவமையில் கிடைக்கிறது. 1635 வாக்கில், புகழும் பணமும் கொழித்த நாளில், சாஸ்கியாவை மடியில் இருத்தி மதுக்கிண்ணத்தை உயர்த்திச் சிரிக்கும் ஊதாரியாகத் தம்மையே வரைந்தார். அந்தப் படம் டிரெஸ்டனில் உள்ளது. அதே உவமையின் முடிவை, திரும்பி வந்த மகனைத் தந்தை ஏற்றுக்கொள்வதை, ஏறத்தாழ 1668இல், மரணத்துக்குச் சற்று முன் தீட்டினார். அதை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் காணலாம். அதற்குள் சாஸ்கியா பெற்ற முதல் மூன்று குழந்தைகளையும், சாஸ்கியாவையும், ஹென்ட்ரிக்யேயையும் அவர் பறிகொடுத்திருந்தார். 1668இல் மகன் டைட்டஸும் இறந்தான். படத்தில் திரும்பி வந்த மகனுக்கு முகம் முழுதாகத் தெரிவதில்லை. மழித்த தலையும், செருப்பு கழன்று வெளியே தெரியும் உள்ளங்காலும், அவன் முதுகின்மேல் படிந்த முதியவரின் இரு கைகளுமே தெரிகின்றன. இரண்டு படங்களின் நல்ல அச்சுப் பிரதிகள் கிடைத்தால் அருகருகே வைத்து, முதலில் கைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.