குடியை நிறுத்தும் வாரம்: மாத்திரைக் கேள்விகள்

கேள்வி: அப்பா நேற்று இரவோடு குடியை நிறுத்திவிட்டார். கை நடுங்குகிறது, தூக்கமில்லை. வீட்டில் வைத்தே பார்க்கலாமா டாக்டர்?

பதில்: முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? ஆள் தெரியாமல் பிதற்றினாரா? ஆம் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இல்லை, வேறு பெரிய நோயும் இல்லை, இரவு பகல் கூட இருக்க ஆள் உண்டு என்றால், மருத்துவர் ஒருமுறை பார்த்த பிறகு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். நான் முதலில் தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொல்வேன். பாதி வழியில் இரண்டாவது கையும் துணைக்கு வந்தால் நடுக்கம் லேசானதல்ல.

வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். பிதற்றலும், இல்லாததைக் காண்பதும் 2 முதல் 4 நாளில். முதல் நாள் பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே இருக்கார்’ என்று விட்டுவிடாதீர்கள். இவற்றைத் தடுக்கப் பொதுவாகத் தருவது குளோர்டயாசிபாக்சைடு அல்லது டயசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை. தினமும் குறைத்து 5 முதல் 7 நாளில் நிறுத்திவிடுவோம். கூடவே தயமின் (வைட்டமின் பி1). மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுக்காதீர்கள். மாத்திரையோடு குடியும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம்.

கேள்வி: கல்லீரல் கெட்டிருந்தால்?

பதில்: அந்த மாத்திரைகளுக்குப் பதில் அதே வகையைச் சேர்ந்த லோராசிபாம் அல்லது ஆக்சாசிபாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: குடிக்குப் பதில் மாத்திரை, அதுவும் போதைதானே? மனஉறுதி போதும்.

பதில்: கதவை ஒருவர் வெளியிலிருந்து தள்ள, உள்ளிருப்பவர் முட்டுக்கொடுத்து நிற்கிறார். வெளியே இருப்பவர் சட்டென்று விலகினால்? உள்ளிருப்பவர் தலைகுப்புற விழுவார். மதுவின் மந்தத்தை எதிர்த்து எதிர்த்துப் பழகிய மூளையின் கதி அதுதான். மாத்திரை, கதவை மெல்ல விடுகிறது. இதில் மனஉறுதிக்கு வேலை இல்லை.

கேள்வி (குடியை நிறுத்திய அப்பாவே): என் மாமா மாத்திரையே இல்லாமல் நிறுத்தினாரே?

பதில்: பலர் நிறுத்துகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிறுத்தித் தொடங்கி, மறுபடி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பாதிப்பு கடுமையாகலாம். போன முறை நடுக்கம், இந்த முறை வலிப்பு. ஒரு விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்: பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போட்டால் அது போதைதான். அதனால்தான் ஒரு வாரக் கணக்கு.

கேள்வி: குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது நடுக்கத்துக்கான மருந்தே அல்ல. தெரியாமல் அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: நடுக்கத்தை மறைக்கும், வலிப்பைத் தடுக்காது.

கேள்வி: வீட்டில் பழைய டயசிபாம் இருக்கிறது. எத்தனை கொடுக்கலாம்?

பதில்: இன்று மூன்றாவது முறையாக இதே கேள்வி. ஆளைப் பார்க்காமல் எண் சொல்ல மாட்டேன். சரி, அந்த அட்டை இப்போது யார் கையில் இருக்கிறது?