எச்எம்டி வாட்சுக்கு ஒரிஜினல் பாகம் எங்கே கிடைக்கும்? கேள்வி பதில்

சாவி கொடுக்கும் எச்எம்டி வாட்சுகளைப் பழுது பார்ப்பது பல வருடமாக என் வேலை. பாகம் தேடுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கரூரிலிருந்து: அப்பாவின் எச்எம்டி ஜனதா மாடல் வாட்ச் கீழே விழுந்து நின்றுவிட்டது. உள்ளே இப்படியும் அப்படியுமாக ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு உடைந்துவிட்டதாம். புது அச்சு எங்கே வாங்கலாம்?

பதில்: புதிதாகத் தேடி அலையாதீங்க. ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து எச்எம்டி 1961-ல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. ஆனால் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இன்றைக்குக் கிடைக்கும் ஒரிஜினல் பாகம் ஒன்று பழைய கடைத் தகர டப்பாவில் மிஞ்சிக் கிடக்கும், இல்லையென்றால் வேறொரு வாட்சிலிருந்து கழற்றியதாக இருக்கும். அதனால் ஓடாத ஜனதா ஒன்றை மலிவாக வாங்கி அதிலிருந்து எடுப்பதுதான் நல்ல வழி. மெஷினில், அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தில், பெரும்பாலும் 0231 என்று எண் இருக்கும். பைலட், கோஹினூர் ஆகிய எச்எம்டி மாடல்களிலும் இதே மெஷின் வருவதால் தேடும் இடம் விரியும். அச்சை மட்டும் மாற்றுவது நல்ல கை உள்ளவருக்கே சரிவரும். பேலன்ஸ் சக்கரமும் அதை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கும் மணிக்கு 18,000 முறை அடிக்கும்படி ஒன்றுக்கொன்று ஒத்துவைத்த ஜோடி, அதை முழுதாகவே எடுத்துப் போடுங்க.

மதுரையிலிருந்து: எச்எம்டி காஞ்சன் பாகம் ஜனதாவுக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. காஞ்சன் ஆட்டோமேட்டிக், கை அசைவிலேயே சாவி ஏறும், மெஷினே வேறு.

சேலத்திலிருந்து: சாவி கொடுத்தால் முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங்கும் ஒரிஜினலாகவே வேண்டுமா?

பதில்: வேண்டாம். நாற்பது வருடம் சுருண்டு கிடந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அகலம், தடிமன், நீளம் மூன்றும் ஒத்துப்போகிற புது ஸ்பிரிங் போதும். கண்ணாடியும் அப்படியே, விட்டம் சரியாக இருந்தால் போதும்.

நாகர்கோவிலிலிருந்து: டயல் மங்கிவிட்டது. பெயிண்ட் அடித்துத் தரலாமா என்று கடையில் கேட்கிறார்கள்.

பதில்: கூடாது! அடிப்பதற்கு முன்னால் டயலில் அச்சடித்திருப்பதை முழுதாகச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், அதோடு தொழிற்சாலை எழுத்து போய்விடும், திரும்ப வராது. சந்தையில் பளபளவென்று நீலத்திலும் ஆரஞ்சிலும் வரும் பல ஜனதாக்கள் இப்படி அடித்தவைதான். லென்ஸ் வைத்துப் பாருங்க: எழுத்து தடித்து ஓரம் கலங்கியிருக்கும், நிமிடக் கோடு, மணியைக் காட்டும் கட்டையோடு சேராது.

இதற்கு எதிர்ப்பு, தஞ்சாவூரிலிருந்து: வீட்டுக்கு வெள்ளை அடிப்பதில்லையா? தாத்தா வாட்ச், நான் கட்டிக்கொள்ளப் போவது, விற்கப் போவதில்லை. எழுத்து தெரியாத டயலை வைத்து என்ன செய்ய?

பதில்: நியாயமான கேள்வி, உங்க வாட்ச் உங்க விருப்பம். ஆனால் வீட்டுச் சுவருக்கு மறுபடி அடிக்கலாம், இந்த டயலை மறுபடி செய்ய ஆள் இல்லை. தாத்தா தினமும் பார்த்த முகம் அது, அந்த மங்கலில் அவர் காலம் இருக்கிறது. மணி தெரியவே இல்லையென்றால் இன்னொரு ஜனதாவின் டயலை வாங்கிப் பொருத்துங்க, பழையதைக் காகித உறையில் போட்டு வையுங்க. பேரன் கேட்டால் காட்டலாமே. இதே வாதத்தை இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே பதில்.

கோவையிலிருந்து: கடையில் கொடுத்தால் பாகத்தை மாற்றிவிடுவார்களா?

பதில்: எல்லோரும் அப்படி இல்லை. ஆனாலும் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி மெஷினைப் படம் எடுத்துக்கொள்ளுங்க. இளவயதில் ஒரு கடையில் கொடுத்த என் சொந்த வாட்ச் வேறு பேலன்ஸோடு திரும்பி வந்தது, நிரூபிக்க என்னிடம் படமில்லை.

புதுச்சேரியிலிருந்து: என் சீக்கோ 5-க்குப் பாகம்?

பதில்: சீக்கோவில் எனக்குப் பழக்கம் குறைவு. பின்மூடியில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்த எண்ணில் முதல் நான்கு இலக்கம் மெஷின், 7009 போல. அதைச் சொல்லி சீக்கோ பார்ப்பவரிடம் கேளுங்க.

ஈரோட்டிலிருந்து: ஜனதாவுக்குப் புது பேலன்ஸ் எங்கே...

பதில்: முதல் பதிலைப் படிங்க.

திண்டுக்கல்லிலிருந்து: டயலில் அழுக்கு. பற்பசை தேய்க்கலாமா?

பதில்: கண்ணாடிக் கீறலுக்கு மேலே தேய்க்கலாம். டயலில் எதுவும் வேண்டாம், விரல்கூட!