தனி ஊராட்சி வேண்டுமா? வீட்டுக்கு 500 ரூபாயை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் குக்கிராமத்தில் 280 வீடுகள். ஊராட்சி அலுவலகம் நான்கு கிலோமீட்டர் தள்ளி, தாய்க் கிராமத்தில் இருக்கிறது. தண்ணீரும் தெருவிளக்கும் அங்கே போக மிச்சம்தான் எங்களுக்கு. தனி ஊராட்சி கேட்கப் போகிறோம். சென்னையில் பேசி அரசாணை வாங்கித் தருவதாக ஒருவர் வீட்டுக்கு 500 ரூபாய் வசூலிக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்தவர்கள் திருப்பிக் கேளுங்கள். 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியை அறிவிக்கும் அதிகாரம் ஊராட்சிகளின் ஆய்வாளருக்கு. உங்கள் மாவட்ட ஆட்சியர்தான் அந்த ஆய்வாளர். அவரிடம் மனு கொடுக்கத் தரகர் எதற்கு?

அடுத்து இந்தத் தரகர்கள் சொல்வது, “முதலில் தனி வருவாய் கிராமம் ஆக வேண்டும், சர்வேக்குச் செலவாகும்” என்பது. அதையும் நம்பாதீர்கள். வருவாய் கிராமம் என்பது நிலக் கணக்குக்காக வருவாய்த் துறை வைத்திருக்கும் பிரிவு, ஊராட்சி வேறு. வருவாய் கிராமத்தின் ஒரு பகுதி மட்டும் ஊராட்சி ஆகலாம். இரண்டு வருவாய் கிராமங்களின் ஒட்டிய பகுதிகளைச் சேர்த்தும் ஆக்கலாம். உங்கள் தெருக்களில் பாதி ஒரு வி.ஏ.ஓ.விடமும் மீதி இன்னொரு வி.ஏ.ஓ.விடமும் இருந்தாலும் அது தடையல்ல. பட்டா, அடங்கல் (பயிர்க் கணக்கு) எல்லாம் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கும். மக்கள்தொகை 500-க்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். 280 வீடு என்றால் அதைத் தாண்டிவிடுவீர்கள்.

ஆனால் இப்போது அவசரப்பட்டுப் பயனில்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு நிர்வாக எல்லைகளை மாற்றக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். கணக்கெடுப்பு முடியும்வரை எவரும் எல்லையை மாற்றித் தர முடியாது.

அதற்குள் ஒரு கணக்குப் பார்த்துவிடுங்கள். உங்கள் வீடுகளுக்கு மட்டும் வீட்டு வரியில் கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவை எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாநில நிதிக்குழு மானியத்தில் (மாநில அரசு ஊராட்சிகளுக்குப் பங்கிட்டுத் தரும் பணம்) ஊராட்சிக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு, மற்றது பெரும்பாலும் மக்கள்தொகைப்படிதான். மோட்டார் கரண்ட் பில், டேங்க் ஆபரேட்டர் சம்பளம், பல்பு, குளோரின் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் தனி ஊராட்சி வந்தாலும் குழாயில் தண்ணீர் வராது.

தனி ஊராட்சி கேட்டுத் தீர்மானம் போடும் கிராம சபையிலும் கவனமாக இருங்கள். வருகைக்கு என்று முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உரக்கப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மனு கொடுத்தால் அது ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) போய், கடைசியில் நீங்கள் யார்மேல் குறை சொன்னீர்களோ அதே ஊராட்சிச் செயலரிடம் விளக்கம் கேட்டு வந்து நிற்கும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. உரிய நேரத்தில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களைப் போட்டார்கள். கேட்க உறுப்பினர்கூட இல்லாத ஊர்களைத்தான் தரகர்கள் தேடி வருகிறார்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தண்ணீர்ப் பிரச்சினையைத் தனி மனுவாகக் கொடுங்கள். அதற்கும் எல்லை மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை.